ஆற்றுப் பக்கத்துக் கால்

தம்புசாமிக்குப் பயம் முதலில் வயிற்றில் வரும். தலைக்கு அப்புறம்தான் தெரியும். மலாயாவில் பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தபோது ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆள் குறைக்கப் பெயர் வாசித்த அன்று விடிந்ததுமே அவருக்கு வயிறு புரண்டது. மத்தியானத்துக்குள் அவர் பெயரும் வாசித்தாகிவிட்டது. கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேரை மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றி, இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்கு அனுப்பினார்கள். தம்புசாமியும் அவர் மனைவி கமலவேணியும் மட்டும் எப்படியோ தப்பி மலாக்கா டவுனுக்கு வந்து, ஒரு சீனர் கடையின் மாடியில் ஒண்டிக்கொண்டார்கள். அது 1931. அதற்குப் பிறகு எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் கமலவேணி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பாள்.

அவர்களைக் காப்பாற்றியது கணக்கு. தம்புசாமி லால்குடிக்காரர்; திருச்சியில் இண்டர்மீடியட் வரை படித்து, கணக்கைத் தவிர எல்லாப் பாடத்திலும் தட்டுத் தடுமாறியவர். மலாக்காவில் மெக்ரே துரை என்ற ஸ்காட்லாந்துக்காரர் சின்னதாக ஓர் எஞ்சினியர் ஆபீஸ் நடத்திவந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் பாலம், புகைக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று கட்டிக்கொடுப்பது அவர் தொழில். அங்கே படங்களை மெழுகுத் துணியில் நகலெடுக்கத்தான் தம்புசாமி சேர்ந்தார். ஒருநாள் ஆள் இல்லாத அவசரத்தில் ஒரு பாலத்து உத்திரத்தின் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார் துரை. அதிலிருந்து ஆபீஸின் கணக்கெல்லாம் தம்புசாமியிடம் வந்து சேர்ந்தது. அவர் போடுவார், துரை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார். தன் பெயர் எதிலும் வராததில் தம்புசாமிக்கு நிம்மதிதான்.

ஓர் உத்திரத்தின் மேல் பாரம் ஏறினால் அது எங்கே எவ்வளவு வளையும் என்று சொல்வது ஒரு வகையீட்டுச் சமன்பாடு. ஆனால் ஒரு புள்ளி தன் பக்கத்துப் புள்ளியோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். முழு விடை வேண்டுமானால் இரண்டு முனைகளிலும் என்ன நிலைமை என்பதை நாம் கொடுத்தாக வேண்டும். முனை சுவரில் புதைந்திருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரிந்தால் போதும், நடுவில் உள்ளதெல்லாம் தானாக வந்துவிடும்.

கெலாடித் தோட்டத்துத் தொட்டியில் அந்த முனைதான் இல்லை.

கெலாடித் தோட்டம் சுங்கை ரம்பாய்க்குப் போகும் வழியில், ஓர் ஆற்றங்கரையில் இருந்தது. 1934இல் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து லயத்தில் பேதி கண்டு பல பேர் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் தோட்டத்துத் துரை ஆழமாக ஒரு கிணறு வெட்டி, பம்பு வைத்து, மேல்நிலைத் தொட்டிக்கு மெக்ரே துரையிடம் ஆர்டர் கொடுத்தார். நான்கு கான்கிரீட் கால்கள். அவற்றின் தலைகளை இணைத்து வளையல் மாதிரி வட்டமாக ஒரு கான்கிரீட் உத்திரம். அந்த வளையத்தின் மேல் வட்டத் தொட்டி. வளையத்துக்கு முனை கிடையாது. அதற்கு உள்ளது ஒரே நிபந்தனைதான்: ஓர் இடத்தில் புறப்பட்டு முழுச் சுற்று சுற்றி வந்தால், புறப்பட்டபோது இருந்த உயரம், சரிவு, வளைவு, முறுக்கு எல்லாம் இம்மி பிசகாமல் அதே அளவில் இருக்க வேண்டும். அந்தச் சமன்பாடும் சாதாரணமானது அல்ல, ஆறாம் வரிசைச் சமன்பாடு. வளைவும் முறுக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்.

நான்கு கால்களும் ஒரே மாதிரி என்பதால் வளையத்தின் நான்கு பங்குகளும் ஒரே மாதிரிதான் வளையும். ஆகவே தம்புசாமி ஒரு கால்பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல இருக்குமாறு விடை கண்டார். அப்படிச் செய்தால் வேலை மிகவும் குறையும். மெக்ரே துரையும் அதைப் பார்த்துச் சரி என்றார். சரிதான், நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும் வரை.

தொட்டி எழும்பி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. 1936 பிப்ரவரியில் கடும் வறட்சி. கெலாடியின் பம்பு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாயாண்டி, தலைப்பாகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசாதவர்.

"துரை இல்லீங்களா?"

"லீவுல சீமைக்குப் போயிருக்காரு அண்ணே. திரும்பி வர்ற கப்பல் இன்னும் நடுக்கடல்ல கிடக்கு. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லீங்க. தொட்டி நெறைஞ்சா முந்தியெல்லாம் சுத்திலும் வழியும். இப்ப ஒரு வாரமா ஆத்துப் பக்கம் மட்டும் வழியுது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

தம்புசாமிக்கு வயிறு புரண்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் கெலாடிக்குப் போனார். வெயில் அப்போதே ஏறிவிட்டது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன; காலடியில் சருகு நொறுங்கியது. தொட்டிக்குக் கீழே குழாயடியில் பெண்கள் குடமும் மண்ணெண்ணெய் டின்னுமாக வரிசையில் நின்றார்கள். ஒருத்தி குழந்தையை ஒரு காலின் நிழலில் துணி விரித்துக் கிடத்தியிருந்தாள். அது ஆற்றுப் பக்கத்துக் கால்.

மாயாண்டியின் உதவியோடு ஒரு நீள ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பி, கட்டும்போது கால்களில் போட்ட மட்டக் கோடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று கால்கள் சரியாக இருந்தன. ஆற்றுப் பக்கத்துக் கால் ஒரு விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. பிறகு ஏணி போட்டு வளையத்தை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கால்களுக்கு நடுவில், வளையத்தின் வயிற்றில், மயிரிழை போன்ற கீறல்கள் சாய்வாக ஓடின. எதிர்ப் பக்கத்திலும் அப்படியே. சாய்ந்த கீறல் என்றால் முறுக்கு. நான்கு கால்களும் மட்டமாக இருக்கும் வளையத்தில் அந்த நடு இடத்தில் முறுக்கே இருக்காது. அந்த இடத்தில் சைபர் என்று அவரே கைப்பட எழுதியிருந்தார்.

"என்னங்கய்யா, வெள்ளையடிச்சது வெடிச்சிருக்கா?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்டாள். பெத்தம்மாள் என்று பெயர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், லயத்துப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்பார்கள். அந்தப் பேதியில் அவள் தன் மூத்த மகனைப் பறிகொடுத்திருந்தாள்.

தம்புசாமி பதில் சொல்லாமல் இறங்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெத்தம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் போனாள்.

தோட்டத்துத் துரை ஆபீஸ் வராந்தாவில் இருந்தார். தோட்டத்துத் தமிழில் தாராளமாகப் பேசுவார்.

"தொட்டியைக் காலி பண்ணணும்னு சொல்றே. பண்ணினா ஆளுங்க என்ன தண்ணி குடிக்கிறது? ஆத்துத் தண்ணியா? போன தடவை எத்தனை குழி வெட்டினோம், தெரியுமா?"

"கிணத்துல வாளி போட்டு இறைச்சா..."

"ஆழம் பார்த்தியா? அத்தனை லயத்துக்கும் வாளியில எறைக்க முடியாது. உங்க துரை வந்து சொல்லட்டும். இல்லேன்னா எத்தனை தண்ணி வைக்கலாம்னு நீ கணக்கா சொல்லு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அதுக்கு மேல ஏத்த மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனாலேயே தம்புசாமிக்குப் பயம் இன்னும் கூடியது. தண்ணீரை வைத்தால் தொட்டி விழும், எடுத்தால் பேதி வரும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருந்தாக வேண்டும். அதைச் சொல்ல அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. போகும்போது மாயாண்டியிடம் தொட்டியைக் கால்வாசிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். குழந்தையை அந்தக் காலடியில் படுக்கவைக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லத் திரும்பினார். அவள் எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

வீட்டில் கமலவேணி வாயும் வயிறுமாக இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் கீரையை ஆய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, கையெழுத்துப் போடுறது துரை வேலைதான? நீங்க எதுக்குப் போடணும்?"

"அவரு இல்லியே, கமலம்."

"இல்லேன்னா வர்ற வரைக்கும் இருக்கட்டும். நீங்க ஒண்ணும் பாக்கல. மாயாண்டியண்ணன் வந்தாரு, துரை இல்லேன்னு அனுப்பிட்டீங்க. அவ்ளோதான். அது விழுந்துச்சுன்னா உங்களத்தான் புடிச்சுட்டுப் போவாங்க. நானு இந்த வயித்தோட கப்பலேறணுமா?"

"விழுந்துச்சுன்னா அதுக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க."

அவள் கீரைத் தண்டைப் பட்டென்று ஒடித்தாள். பிறகு, "அப்ப நல்லா போடுங்க கணக்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸில் மெக்ரே துரையின் பெரிய மேஜையைத் துடைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கினார். இந்தத் தடவை கால்பங்கு எடுக்கிற சலுகை கிடையாது. ஒரு கால் இறங்கிவிட்டதால் எந்தப் பங்கும் அடுத்ததைப் போல இல்லை. வளையம் முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றி வந்தாக வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் தெரியாத எண்கள் ஆறு. ஒவ்வொரு காலின் தலையிலும் இடது பக்கமும் வலது பக்கமும் பொருந்த வேண்டும். கடைசியில் வால் தலையோடு சேர வேண்டும்.

இறங்கிய கால் தன் பாரத்தில் கொஞ்சத்தைக் கைவிட்டிருக்கும். அந்தப் பாரத்தை இரண்டு பக்கத்துக் கால்களும் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். போட்டுக்கொண்டே போனார். சுற்றி வந்தபோது வளையம் மூடவில்லை. தொடங்கிய இடத்தில் ஒரு வளைவு, முடிந்த இடத்தில் வேறொரு வளைவு. எங்கோ கூட்டல் பிழை என்று முதலிலிருந்து போட்டார். அதே இடைவெளி. மூன்றாம் தடவையும் அப்படியே. காகிதத்தில் விட்டுப்போன அந்த இடைவெளி வழியாகத் தொட்டி பிளந்துகொண்டு இறங்குவது போலக் கண்ணுக்குள் தெரிந்தது. குழாயடியில் டின் உருளும் சத்தம்கூடக் கேட்டது. எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு முகம் கழுவி வந்து, ஜன்னல் வழியே ஆற்றில் சரக்கேற்றிப் போகிற தொங்காங் படகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தவர் எண்களை விட்டுவிட்டு ஒரு வட்டம் போட்டார். கால்கள் இருக்கிற நான்கு இடங்களிலும் பாரம் கூடுவதற்கு மேலே பார்த்த அம்பு, குறைவதற்குக் கீழே பார்த்த அம்பு. இறங்கிய காலில் கீழ் அம்பு. பக்கத்து இரண்டிலும் மேல் அம்பு. எதிர்க் காலில் ஒன்றுமில்லை. அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. இப்படியொரு தள்ளு கொடுத்தால் வளையம் ஒரு பக்கமாகப் புரண்டு கவிழ்ந்துவிடும். நிற்கவே முடியாத வளையம் எப்படி மூடும்? கணக்கு தப்பவில்லை, அவர் கொடுத்த பாரப் பங்கீடுதான் நடக்க முடியாத ஒன்று. நிற்க வேண்டுமானால் எதிர்க் காலும் அதே அளவு பாரத்தைக் கைவிட வேண்டும். ஆற்றுப் பக்கத்துக் கால் இறங்கினால், அசையாமல் நிற்கிற எதிர்ப் பக்கத்துக் காலும் லேசாகும். அந்த இரண்டின் பாரமும் மற்ற இரண்டின் தலையில் விழும்.

அப்படி மாற்றிப் போட்டதும் வளையம் மூடியது. கடைசி இலக்கம் வரைக்கும் பொருந்தியது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு பக்கம் தாண்டவில்லை. இப்போது விடை ஒன்றாக இல்லை. மூன்று எண்கள் எதைப் போட்டாலும் ஒத்துக்கொண்டன. எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் வளையம் அழகாக மூடிக்கொண்டது. சைன், கோசைன் இரண்டும் ஒரு சுற்றில் தாமாகவே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறவை. சமன்பாட்டுக்கும் அவை ஒத்துப்போகிறவை. அவற்றைக் கட்டிப்போட நிபந்தனை எதுவும் மிச்சமில்லை. உயிர்களை நிறுத்திவைக்க வேண்டிய கணக்கு, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்கிறதே என்று தாள்களைத் தள்ளிவைத்தார்.

ஒரு நாள் முழுக்க அதிலேயே கிடந்தார். அந்த மூன்றும் என்னவென்று மறுநாள் தெளிந்தது. ஒன்று, வளையம் அப்படியே மேலும் கீழும் நகர்வது. மற்ற இரண்டும், வளையாமல் முறுக்காமல் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது. சாய்வதால் மட்டும் கான்கிரீட்டுக்கு நோவு கிடையாது. நான்கு கால்களும் இப்போது நிற்கிற உயரங்களைக் கொடுத்ததும் அந்த மூன்றும் அடங்கின. விரல் கனத்துக்கு இறங்கியதில் பெரும்பங்கு தொட்டி மொத்தமாகச் சாய்ந்ததாகப் போயிற்று. வளையத்தைப் பிழிகிற பங்கு மிச்சமிருந்த நாலில் ஒன்றுதான். தம்புசாமி மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

மீதிக் கணக்கு மளமளவென்று முடிந்தது. அந்தப் பிழிவோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்தால் வளையம் தாங்குவது தொட்டியில் பாதி.

"பாதி" என்று தோட்டத்துத் துரைக்கு எழுதி, கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். ஒரு கணக்குக்கு அவர் கையெழுத்திட்டது அதுவே முதல் தடவை. பாதித் தொட்டிக்கு மேல் ஏறாதபடி மாயாண்டி தண்ணீர் மட்டம் காட்டும் குழாயில் ஒரு சிவப்புத் துணி கட்டினார்.

ஆனால் குழாயடி வெறிச்சோடிக் கிடந்தது. பெண்கள் குடங்களோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்புசாமி வழியில் போய் நின்றார்.

"பெத்தம்மாக்கா, ஆத்துத் தண்ணி வேணாம். தொட்டியில பாதி வரைக்கும் பயமில்லன்னு கணக்குப் போட்டுட்டேன்."

"அன்னிக்கு ஏணியில நின்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன், ஐயா. பொணத்தப் பாத்தவரு மாதிரி இருந்துச்சு. நீங்க போட்ட கணக்கு எங்களுக்கு என்ன தெரியும்? மூஞ்சி தெரியும்."

"ஆத்துத் தண்ணியாலதான உங்க மவன்..."

"அத நீங்க சொல்லணுமா?" அவள் குரல் உயர்ந்தது. மற்றப் பெண்கள் நின்றார்கள். பெத்தம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "பயமில்லன்னா, நாங்க தண்ணி புடிக்கிற நேரத்துக்கு நீங்க கீழ வந்து நில்லுங்க. நாங்க புடிக்கிறோம்."

அவர் போய் நின்றார். ஆற்றுப் பக்கத்துக் காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில், கீறலுக்கு நேர் கீழே. குழாயிலிருந்து தண்ணீர் டின்னில் விழுகிற சத்தத்தில், மேலே எது முனகினாலும் காதில் விழாது. ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, அவரை நிமிர்ந்து பார்க்காமலே பிடித்துப் போனார்கள்.

அன்றிலிருந்து அவர் கெலாடியிலேயே தங்கிவிட்டார். மாயாண்டியின் பம்பு வீட்டில் ஒரு மூலை. காலையும் சாயங்காலமும் தொட்டிக்குக் கீழே நிற்பது, மற்ற நேரத்தில் மட்டம் பார்ப்பது. கால் அதற்கு மேல் இறங்கவில்லை. ஆனால் பயம் குறையவில்லை. ஒவ்வொரு தடவை தொட்டியின் கீழ் நுழையும்போதும் சூத்திரங்களை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பார். ஏதோ ஓர் இடத்தில் கால் இடறுவது போலிருக்கும். எந்த இடமென்று பிடிபடாது. மாயாண்டி கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்வார்: "நீங்க சரியா சாப்பிடறதே இல்லையேய்யா. தொட்டி விழறதுக்கு முந்தி நீங்க விழுந்துடாதீங்க."

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. ஆறு கண்ணெதிரே பொங்கி ஏறியது. தம்புசாமி குழாய் மட்டத்தை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். கால் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"அண்ணே, திறந்துவிடுங்க! எல்லாத்தையும் திறந்துவிடுங்க!"

மாயாண்டி பெரிய வால்வைத் திருகினார். அது பிடித்துக்கொண்டது. தம்புசாமி ஓடிப்போய் அவர் கையோடு கை கோத்து இழுத்தார். அந்த இடம் தொட்டிக்கு நேர் அடியில். வால்வு அசைந்து, தண்ணீர் பீறிட்டு இருவரையும் தள்ளியது. அதே சமயத்தில் மேலே மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். "வெளிய வாங்க!" என்று லயத்துப் பக்கமிருந்து பெத்தம்மாளின் குரல் கேட்டது. மாயாண்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அவர்கள் நின்ற இடத்தில் ஆட்டுக்கல் அளவுக்குக் கான்கிரீட் துண்டு ஒன்று வந்து புதைந்தது. வளையத்தின் வயிற்றில் கம்பி வெளியே தெரிந்தது. தொட்டி விழவில்லை. தண்ணீர் வடிய வடிய, அது அப்படியே சாய்ந்தபடி நின்றது.

மெக்ரே துரை கப்பல் இறங்கிய கையோடு கெலாடிக்கு வந்தார். வளையத்தைப் பார்த்தார், புதைந்து கிடந்த துண்டைக் காலால் தட்டிப் பார்த்தார். பம்பு வீட்டில் உட்கார்ந்து தம்புசாமியின் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எதிர்க் காலின் பாரம் குறைகிற இடத்தில் தலையை ஆட்டினார். பின்னால் ஓரிடத்தில் பென்சில் நின்றது.

"இங்கே என்ன போட்டிருக்கிறாய்?"

தம்புசாமி குனிந்து பார்த்தார். முறுக்குக்கு உத்திரத்தின் பலம். வளையத்தின் குறுக்குவெட்டு செவ்வகம். அவர் போட்டிருந்தது உருண்டைத் தண்டுக்கான சூத்திரம். பாடப்புத்தகத்தில் முதலில் வருவது அதுதான். மனப்பாடத்தில் அதுவே வந்துவிட்டது.

துரை ஓரத்தில் சின்னதாகத் திருத்திப் போட்டுப் பார்த்தார். "பாதி இல்லை, தம்புசாமி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது."

வாசலில் மாயாண்டி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் பெத்தம்மாள். துரை இங்கிலீஷில் சொன்னாலும் விரலால் காட்டிய அளவு இருவருக்கும் விளங்கியது.

"அப்ப இத்தன நாளும் தப்பான தண்ணிக்குக் கீழதான் நின்னோமா?" என்றாள் பெத்தம்மாள்.

"ஆமாக்கா."

கோபமா, அழுகையா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எம்மருமவ அந்தக் கைப்புள்ளயத் தூக்கிட்டு வந்து புடிச்சாளே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம், "நீங்களும் நின்னீங்க" என்றாள். அதை மன்னிப்பாகச் சொன்னாளா, கணக்காகச் சொன்னாளா என்பது தம்புசாமிக்குக் கடைசி வரை புரியவில்லை. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

துரையின் மோட்டார் காடியில் டவுனுக்குத் திரும்பும்போது, தன்னை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று தம்புசாமி துரையிடம் சொன்னார்.

"நிறுத்திவிட்டு? முதல் கணக்கில் கால் இறங்கும் என்று நானும்தான் நினைக்கவில்லை. மண்ணைப் பார்த்தவன் நான்" என்றார் துரை. பிறகு டவுன் நெருங்கும்போது, "இனிமேல் எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது" என்றார்.

அதற்காகச் சின்னத்தம்பி என்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஆபீஸுக்கு வந்தார். கெலாடியில் ஆற்றுப் பக்கம் ஈரத்தில் மக்காத பக்காவ் மரக் கட்டைகளை ஆழமாக அடித்து, காலை ஜாக்கி வைத்துத் தூக்கி, வளையத்தை உடைத்துப் புதிதாக வார்த்தார்கள். அதுவரை லயத்தில் கூரை வழியும் மழைத் தண்ணீரைப் பிடித்துச் சமாளித்தார்கள். புது வளையத்தின் கணக்கைத் தம்புசாமி ஒரு மேஜையிலும் சின்னத்தம்பி இன்னொரு மேஜையிலும் போட்டார்கள். ஒரு கால் இறங்கினால், இரண்டு இறங்கினால், எதிரெதிராக இறங்கினால் என்று எல்லா விதத்துக்கும் போட்டார்கள். இரண்டு விடைகளும் ஒத்துவந்த பிறகும் தம்புசாமி மறுபடி போட்டார்.

தொட்டியை முதல் தடவையாக முழுக்க நிரப்புகிற நாளில் மெக்ரே துரை அவரைக் கூப்பிட்டார். தம்புசாமி போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுப் பாயில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். இடையில் பிறந்திருந்த கைக்குழந்தை பக்கத்தில் தூங்கியது. கமலவேணி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லையென்று தெரிந்தும் கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. மாயாண்டி வெகுதூரம் மிதித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியேறாமல் கீழே நின்றபடியே குரல் கொடுத்தார்.

"நெறைஞ்சிருச்சுங்கய்யா! வழிஞ்சு ஊத்துது!"

தம்புசாமி எழுந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் வழியுது அண்ணே?"

"சுத்திலும்தாங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் பாத்தேன், துரை பாத்தாரு. பெத்தம்மாதான் முதக் கொடம் புடிச்சா."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் தம்புசாமி.

மாயாண்டி இன்னொரு தடவை சொன்னார். கமலவேணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மேல வரச் சொல்லுங்க அவர, வெயில்ல நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, அரிசியை இன்னும் ஒரு பிடி கூடப் போட்டாள்.